ஒரு வீடு, இரண்டு வயது

கள்ளக்குறிச்சி நகரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புக்கு இறங்கி வந்தவர்கள். கணவருக்கு அறுபத்தொன்று, மனைவிக்கு ஐம்பத்திரண்டு. அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அவருக்கு இப்போது முதுகு நிமிரவில்லை. அந்த அம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு வெட்டப் போகிறார். ஒரே அறை, முன்னால் சிமெண்ட் ஷீட் இறக்கிய சமையலிடம், நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. வாடகை 2,500 ரூபாய், கரண்டுக்குத் தனி. கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக நான் உருவாக்கிக்கொண்ட குடும்பம் இது. ஆனால் கச்சிராயபாளையம் சாலையில் மலையிலிருந்து வந்து நிற்கும் பேருந்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான குடும்பமாகத் தோன்றாது.

இந்த வீட்டுக்கு முதுமை வந்துவிட்டதா? சம்பாத்தியம் நின்றுவிட்டது, மருந்துச் செலவு ஏறிவிட்டது, வீட்டுக்காரர் மட்டும் மாதம் தவறாமல் வருகிறார். அந்த வகையில் வந்துவிட்டது. அரசுக் கணக்கில் பாதிதான் வந்திருக்கிறது. அவர் முதியவர், அவர் மனைவி முதியவர் அல்ல. இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு இந்த வீடு பாதி முதுமையில் நிற்கும். அந்த எட்டு ஆண்டும் வாடகை முழுதாகத்தான் கேட்கப்படும்.

வயது ஆளுக்கு ஆள் வருகிறது. வாடகை வீட்டுக்கு வருகிறது. நலத்திட்டங்களை வகுக்கும்போது இந்த இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது என்பது உலகம் முழுதும் அரசுகளைத் தடுமாற வைத்த கேள்வி. தடுமாற்றத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் தம்பதியில் இளையவர். நம் ஊரில் இளையவர் என்றால் ஏறக்குறைய எப்போதும் மனைவி.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் முதல் தேதி, மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். இந்திய ஒன்றியம் இதே வேலையைத் தேசிய அளவில் கையில் எடுக்க இன்னும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின: 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய சமூக உதவித் திட்டம் வந்தது. அறுபத்தைந்து வயது தாண்டிய ஆதரவற்றவர்களுக்கு அதில் 75 ரூபாய். 2007இல் அந்த முதியோர் ஓய்வூதியம் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. 2011இல் தகுதி வயது அறுபதாகக் குறைந்தது. ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 200 ரூபாய் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. மீதியை மாநிலம் போடுகிறது. 2011இல் மொத்தம் 1,000 ரூபாயாக உயர்ந்த உதவித்தொகை, பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் இருந்து, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டியோ சேலையோ உண்டு.

ஊரில் இதை யாரும் முதியோர் உதவித்தொகை என்று நீட்டிச் சொல்வதில்லை. ‘ஓஏபி பணம்’ என்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர் ஒப்புதல் தந்தால் ஓஏபி வரும். ஒரு காலத்தில் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து கையில் எண்ணிக் கொடுத்தார். இப்போது வங்கிக் கணக்கு; கிராமங்களில் வங்கித் தொடர்பாளர் கையடக்க மிஷினோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வரிசையில் வரும் கைகளைக் கவனிக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு தோண்டி, கரும்புச் சோகை உரித்து, சாம்பலில் பாத்திரம் தேய்த்த பெருவிரல்களில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். “ஆயா, அழுத்தி வையி.” சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து மறுபடி வைப்பார்கள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல். எண்ணெய் தடவி, தண்ணீரில் நனைத்து, மறுபடியும். “ரேகை விழல, நாளைக்கு வா ஆயா.” உழைத்ததற்கான ஆதாரம்தான் அந்த வழவழப்பு, அதுவே பணத்துக்குத் தடையாக நிற்கிறது.

இனி வயது. மலையில் அறுபது என்பது காலண்டரில் வருவதில்லை, காகிதத்தில் வருகிறது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரில் இன்று அறுபதைச் சுற்றி இருப்பவர்கள் வீட்டில் பிறந்தவர்கள். பிறப்பைப் பதிவு செய்ய மலையில் ஆளில்லாத காலம். பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்கள் குறைவு. அந்த மலை 1976இல் அரசின் கைக்கு வரும்வரை சடையகவுண்டர், குரும்பக்கவுண்டர், ஆரியகவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. வாக்குரிமையே 1996இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024இல் எடுத்துரைக்கப்பட்டது. குடிமகன் என்ற பதிவே இவ்வளவு தாமதமாக வந்த இடத்தில் பிறந்த தேதி எங்கிருந்து வரும்?

ஆகவே குடும்ப அட்டைக்கு எழுதியபோது ஒரு வயது, வாக்காளர் அட்டைக்கு ஒரு வயது, ஆதாருக்கு ஒரு வயது. எழுதியவர் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டிருப்பார். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி முதல் தேதி பிறந்தநாள் ஆகிவிடும். இதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் கணிப்பு. கணவனுக்கு ஒரு எண்ணைச் சொன்னதும், மனைவி என்றால் குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்று எட்டோ பத்தோ கழித்து எழுதும் பழக்கம் நம் அலுவலக மேசைகளில் ஊறிப்போனது. அத்தை மகளை, மாமன் மகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றாக ஆடு மேய்த்து வளர்ந்த ஜோடிக்குக்கூட காகிதத்தில் பத்து வயது இடைவெளி விழுந்துவிடும். ‘தம்பதியில் ஒருவருக்கு மட்டும் ஓய்வூதிய வயது’ என்ற நிலைமை இங்கே சில வீடுகளில் இயற்கை உண்டாக்கியது, சில வீடுகளில் பேனா உண்டாக்கியது.

பேனா போட்டதைத் திருத்துவது எளிதல்ல. ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைக்குமேல் மாற்றுவது கடினம். அதற்கும் ஆவணம் வேண்டும். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதை நிறுவ ஆதாரை நம்பக்கூடாது, பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியே கொள்ளத்தக்கது என்று சொல்லிவிட்டது. பள்ளி வாசலை மிதிக்காதவருக்கு அந்தத் தீர்ப்பு பாதி வழிதான் காட்டுகிறது. மீதி வழிக்கு அரசு மருத்துவரின் வயதுச் சான்று இருக்கிறது. அதற்காக மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வர வேண்டும்.

நம் தம்பதிக்குத் திரும்புவோம். 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறரை லட்சம் பெண்கள் தேர்வானார்கள். குடும்ப அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவியே தலைவியாகக் கருதப்படுவார் என்பது விதி. நம் வீட்டு அம்மாவுக்கு எல்லாம் பொருந்துகிறது.

ஒன்றைத் தவிர. முதலில் வெளியான விதிகளில், சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவர் உள்ள குடும்பம் தகுதியற்றது என்று இருந்தது. கணவர் 1,200 ரூபாய் ஓஏபி வாங்குகிறார் என்பதாலேயே மனைவியின் 1,000 அடைபட்டது. கணவருக்கு அறுபது ஆகாமல் இருந்திருந்தால் மனைவிக்குக் கிடைத்திருக்கும்! மூத்தவரின் வயது இளையவரின் உரிமையை விழுங்கியது. விண்ணப்ப முகாம்களில் இதைக் கேட்டுத் திரும்பிப் போன பெண்கள் ஏராளம். அந்தக் குரல்கள் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டின. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாதமே அரசு விதியைத் தளர்த்தியது. முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் குடும்பத்தில், அந்த ஓய்வூதியம் வாங்காத வேறு தகுதியுள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்து, விடுபட்டவர்களுக்காகச் சிறப்பு முகாம்களும் நடந்தன.

இந்தத் திருத்தத்தை அப்போது பலரும் சின்ன நடைமுறைச் செய்தியாகக் கடந்துபோனார்கள். எனக்கு இது தமிழ்நாட்டு நலத்திட்ட வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம். வயது வித்தியாசம் உள்ள தம்பதியை எப்படி எண்ணுவது என்ற கேள்விக்கு ஒரு பணக்கார நாடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தந்த விடையைப் பக்கத்தில் வைத்தால் அதன் எடை தெரியும்.

பிரிட்டனில் ஏழை முதியவர்களுக்கு ஓய்வூதிய வரவை ஒரு குறைந்தபட்ச அளவுவரை நிரப்பித் தரும் உதவி உண்டு. வாடகையைக் கட்ட உதவும் வீட்டு உதவித்தொகையும் உண்டு. 2019 மே 15க்கு முன்பு, தம்பதியில் மூத்தவர் ஓய்வூதிய வயதைத் தொட்டுவிட்டாலே இருவரும் முதியோருக்கான தாராளமான விதிகளுக்குள் வந்துவிடுவார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு தலைகீழ். இருவரும் அந்த வயதைத் தொட்டால்தான் முதியோர் விதி. ஒருவர் இளையவராக இருந்தால் இருவருமே உழைக்கும் வயதினருக்கான ஒருங்கிணைந்த உதவித்தொகைக்குள் தள்ளப்படுவார்கள். வாடகைக்கான உதவியும் அதற்குள்ளேயே வரும். இளையவர் வேலை தேடுவதைக் காட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே பழைய விதியில் பெற்றுவந்தவர்களுக்கு மட்டும் விலக்கு, அதுவும் நிலைமை மாறாதவரை.

அந்த ஆண்டு விகிதங்களை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதியோர் விதியில் தம்பதிக்கான உத்தரவாத வரவு வாரம் 255.25 பவுண்டு, ஆண்டுக்கு 13,273. உழைக்கும் வயதினர் விதியில் அதே தம்பதிக்கு மாதம் 498.89 பவுண்டு, ஆண்டுக்கு 5,987க்குச் சற்றுக் குறைவு. வாடகை உதவியைத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தாலே 7,286 பவுண்டு வித்தியாசம். இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. அந்த மூத்தவர் தனியாள் என்றால் அவருக்கு மட்டும் வாரம் 167.25 பவுண்டு, அதாவது மாதம் ஏறக்குறைய 725. மனைவியோடு சேர்ந்து வாழ்ந்தால் இருவருக்கும் சேர்த்து 499, பிரிந்து போனால் ஒருவருக்கே 725. வேறு வருமானம் இல்லாத தம்பதிக்கு அரசே ‘பிரிந்துவிடுங்கள்’ என்று சொல்வது போன்ற கணக்கு இது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்த நம் ஆட்கள் இப்போது பிரிட்டனின் ஓய்வூதிய வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கணவர் போய், ஆண்டுகள் கழித்துத் தன்னைவிட இளைய பெண்ணை மணந்து அழைத்துக்கொண்ட வீடுகள் அவர்களில் உண்டு. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த விதி வெறும் சட்டச் செய்தியல்ல.

பிரிட்டனில் இளையவரின் வயது மூத்தவரைக் கீழே இழுத்தது. தமிழ்நாட்டில் மூத்தவரின் ஓய்வூதியம் இளையவரை வெளியே நிறுத்தியது. திசை வேறு, பிழை ஒன்று: இரண்டு பேரை ஒரு தலையாக எண்ணியது. தமிழ்நாடு முதல் தவணை போவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொண்டது.

ஆனால் நம்மைப் பாராட்டிக்கொண்டு இங்கே நிறுத்திவிட முடியாது. பிரிட்டனில் எவ்வளவு வெட்டினாலும் வாடகை என்று ஒரு வரி அந்தக் கணக்கில் இருக்கிறது. நம் கணக்கில் அந்த வரியே கிடையாது. திருத்தத்துக்குப் பிறகு நம் தம்பதியின் அரசு வரவு 1,200ம் 1,000மும் சேர்த்து 2,200 ரூபாய். வாடகை 2,500. அரசு தரும் இரண்டு தொகையும் முழுதாக வீட்டுக்காரருக்குப் போய், இன்னும் 300 ரூபாய் அந்த அம்மா தேய்க்கும் பாத்திரத்திலிருந்து வர வேண்டும். அரிசி ரேஷனில் வருவதால் அடுப்பு எரிகிறது. மலைக் கிராமத்தில் இருந்திருந்தால் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை உண்டு. நகராட்சிக்குள் வாடகைக்கு வந்துவிட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்தியாவில் வாடகைக்கு உதவி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவருக்கு வாடகையைக் காட்டிக் கழிவு பெற வழி இருக்கிறது. சம்பளம் வாங்கும்வரை வாடகைக்குத் துணை நிற்கும் ஏற்பாடு, ஓய்வு பெற்ற மாதமே கழன்றுகொள்கிறது. ஓய்வூதியத்தில் வாடகைப்படி கிடையாது. கள்ளக்குறிச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் இன்னும் பணியில் இருக்கும் அவர் மனைவியும் வாடகை வீட்டில் இருந்தால், மனைவியின் சம்பளத்தில் வாடகைப்படி தொடரும். அங்கே இளையவர் வீட்டைத் தாங்குகிறார். மூட்டை தூக்கியவருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் எந்த வயதிலும் அப்படியொரு படி இருந்ததே இல்லை. அரசின் வீட்டுவசதித் திட்டங்கள் கட்டிக்கொடுப்பதை நோக்கியே ஓடுகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள், நல்ல திட்டம்தான். மனை இருப்பவருக்கு அது உதவும். ஊரை விட்டு வந்து, இன்னொருவர் மனையில் மாத வாடகைக்கு இருப்பவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

ஆனால் நம் சட்டப் புத்தகத்தில், வயது வித்தியாசமுள்ள தம்பதிக்கு வாடகை கேட்க உரிமை தரும் ஒரு இடம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம், 2007. மூத்த குடிமக்கள் என்ற சொல் இருப்பதால் அறுபது ஆனால்தான் செல்லும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் இரண்டாம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ‘பெற்றோர்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில், தந்தையோ தாயோ மூத்த குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றோரே என்று தெளிவாக இருக்கிறது. ‘பராமரிப்பு’ என்பதற்குள் உணவு, உடை, மருத்துவத்தோடு உறைவிடமும் அடங்கும். ஆக, ஐம்பத்திரண்டு வயதுத் தாய் தன் அறுபத்தொரு வயதுக் கணவரோடு சேர்ந்து, குடியிருக்கும் வீட்டுக்கான செலவைப் பிள்ளைகளிடம் சட்டப்படி கேட்கலாம். தனியாகவும் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிட முடியும்; தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை இல்லாத தம்பதிக்கு மட்டும் இந்தக் கதவு பாதிதான் திறக்கும்: சொத்தை அனுபவிக்கும் உறவினரிடம் கேட்கும் உரிமை அறுபது கடந்தவருக்கே. அங்கே மறுபடியும் இளைய மனைவி வெளியே நிற்கிறார்.

இந்தச் சட்டத்தைச் சிபாரிசு செய்யும்போது எனக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை. நம் தம்பதியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒரு அறைக்கு மூன்று பேராக இருந்துகொண்டு தானும் வாடகைதான் கொடுத்துக்கொண்டிருப்பான். வசதியுள்ள பிள்ளை கைவிட்ட பெற்றோருக்கு இந்தச் சட்டம் கைத்தடி. ஏழைப் பிள்ளையின் பெற்றோருக்கு, அரசு செய்ய வேண்டியதை மகனிடம் தள்ளிவிடும் காகிதமாகப் போய்விடக்கூடும். பெற்ற மகனுக்கு நோட்டீஸ் அனுப்பி, கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் அவனை எதிரே பார்த்து உட்கார எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வாடகைக்கு உதவி கேட்க வேண்டுமானால் வாடகைக்கு இருப்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கள்ளக்குறிச்சியின் ஒற்றை அறை வீடுகளில் ஒப்பந்தம் என்பது வாய்ச்சொல். “அட்வான்ஸ் பத்தாயிரம், வாடகை அஞ்சு தேதிக்குள்ள” என்றால் முடிந்தது. மகளின் சீர்ப்பணமோ, ஆடு விற்ற காசோ மொத்தமாகக் கையில் இருந்தால் போகியத்துக்கு வீடு பிடித்து மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் தள்ளுவார்கள். அதற்கு மட்டும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நாலு வரி எழுதியிருக்கும். ரசீது தரும் வழக்கமில்லை. ஒப்பந்தம் இல்லாததால் குடும்ப அட்டையில் விலாசம் மாறாது. விலாசம் மலையிலும் ஆள் நகரத்திலும் இருப்பதால், உதவித்தொகை விசாரணைக்கு எந்தக் கிராம நிர்வாக அலுவலரிடம் போவது என்ற குழப்பத்தில் மாதங்கள் ஓடும். நாளைக்கே தமிழ்நாடு அரசு முதியோருக்கு வாடகை உதவி என்று அறிவித்தாலும், முதலில் தகுதி இழப்பவர்கள் இந்த வாய்ச்சொல் வாடகைதாரர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்படியொரு உதவி வர வேண்டும் என்றே நினைக்கிறேன். வந்தால் அது ஆளுக்கு என்று இல்லாமல் கூரைக்கு என்று எண்ணப்பட வேண்டும். இருவரில் யார் முதலில் அறுபதைத் தொட்டாலும் தொடங்க வேண்டும். முக்கியமாக, அவர் இறந்தால் நின்றுவிடக்கூடாது.

இறப்பைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கணக்கின் மிகக் கொடுமையான வரி அதுதான். நம் தம்பதியில் கணவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். அவருடைய 1,200 நின்றுவிடும். அந்த அம்மா ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 1975இல் தொடங்கிய அந்தத் திட்டத்திலும் 2023 முதல் 1,200 ரூபாய். ஆனால் ஓய்வூதியம் பெறும் பெண்ணுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது. 2,200 ஆக இருந்த வரவு 1,200 ஆகிறது. சாப்பாட்டில் ஒரு வாய் குறைகிறது, மருந்து குறைகிறது. வாடகையில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஒரு ஆள் குறைந்ததால் பாதி வாடகை போதும் என்று எந்த வீட்டுக்காரரும் சொன்னதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே அந்தத் தெருக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 5,000 ரூபாயும் வைப்புத்தொகையும். அந்த நேரத்தில் அது வேண்டியிருந்தது. குறுகிய அந்தத் தெருக்களில் ஒரே நாளில் அடுத்தடுத்த வாசல்களில் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்தபோது, மாதாந்தர வரவு நின்றுபோன வீடுகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. சாராயத்தின் தடத்தைத் தேடி மலைக்குப் போன பார்வை, அங்கே சாலையும் பள்ளியும் காகிதமும் இல்லாத வாழ்க்கையைக் கண்டது.

மலைக்கு மேலே வாடகை என்ற சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. வீடு தன்னுடையது, அல்லது அண்ணன் தம்பி வீடு. ஜாகிர் காலத்தில் மலைக்காரர்கள் தங்கள் கூரைக்குக் கொடுத்த விலை வேறு வகையாக இருந்தது: ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாத வேலை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது அது. இன்று அறுபதைத் தொடுகிறவர்கள் சிறுபிள்ளைகளாகத் தம் தாய் தகப்பன் அந்த வேலைக்குப் போவதைப் பார்த்தவர்கள். ஜாகிர் போன பிறகும் வீட்டடி நிலம் யாருடையது என்ற கேள்வி தீரவில்லை. வனத்துறை எல்லைக்குள் இருக்கும் குடிசைக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் அரசுத் தொகுப்பு வீடு கிடைப்பது சிரமம். கூரை ஒழுகத் தொடங்கும்போது சரிசெய்யத் தெம்பும் காசும் இல்லாத வயதான ஜோடி மகன் வேலை பார்க்கும் ஊருக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்குகிறது. நம் கணக்குத் தம்பதி பிழைப்புக்கு இறங்கியதற்குப் பின்னாலும் அப்படியொரு கூரை இருந்திருக்கலாம். நகரத்து வாடகையின் வேர் பல வீடுகளில் மலையின் பட்டாவில் இருக்கிறது.

அந்த வேரைத் தொடும் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் குடியிருக்கும் பழங்குடியினருக்கு, குடியிருக்கவும் பயிர் செய்யவும் உரிமையை ஏற்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் அந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் வழி திறந்தது. அதன் நான்காம் பிரிவு, உரிமையாளர் மணமானவராக இருந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்று சொல்கிறது. பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும், விற்க முடியாது.

அந்த உரிமைப் பத்திரத்தின் மாதிரிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் உரிமையாளர் பெயர், வாழ்க்கைத் துணையின் பெயரும் சேர்த்து. பிறகு தாய் தந்தை பெயர், சார்ந்திருப்போர் பெயர், விலாசம், ஊர், வட்டம், மாவட்டம், பரப்பு, நான்கு எல்லை. வயது என்று ஒரு கட்டம் அதில் இல்லை.